ஒரு கன்னம் வீங்கிய சந்திரக்கலம்

என் கைவேலையைப் பற்றி நானே சொன்னால் பீற்றுகிறாள் என்பார்கள். சொல்லட்டும், பீற்றத்தான் போகிறேன். சண்டை நின்று, சமாதானம் வந்து பாதை திறந்ததும் வன்னியில் முதலில் பெருகியது கலியாணங்கள்தான். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் வாடகை வான் பிடித்து வந்து இறங்கினார்கள். வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்களும் நாள் பார்த்தார்கள். தண்ணீரூற்றுப் பக்கத்தில் அந்தக் கலியாணங்களுக்கு மணவறை போட்டவள் நான். ரேடியோப் பெட்டிக்குள் அடைத்து வருகிற பாரமில்லாத வெள்ளைப் பலகையை நாங்கள் ரெஜிபோம் என்போம். பற்றரியில் சூடாக்கிய கம்பியால் அதை வெட்டித் தூண் செய்வேன், மயில் செய்வேன், அன்னம் செய்வேன். தங்கத்தாள் ஒட்டி, மணி கோத்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினால் உடையார்கட்டுக்கும் போகும். ஒருமுறை பூநகரி வரைக்கும் போய் வந்தது. அந்தக் குன்றும் குழியுமான றோட்டில் ஒரு அன்னத்தின் மூக்குக்கூட உடையவில்லை.

மணவறை வேலைக்கு ஒரேயொரு சட்டம்தான். இடப்பக்கம் எதுவோ வலப்பக்கமும் அதுவே. இடது மயில் ஒரு விரல் உயர்ந்து நின்றால் போதும், கலியாணப் பொம்பிளையின் பெரியம்மா முன்வரிசையில் இருந்துகொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். எனக்கு இது ஒரு வருத்தமாக, நோயாகவே வந்துவிட்டது. செத்தவீட்டுக்குப் போனாலும் சுவரில் சரிந்திருக்கிற கலண்டரை நிமிர்த்தி விட்டுத்தான் இருப்பேன். இந்தப் பழக்கம் ஒருநாள் என் மானத்தை வாங்கியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் கணவர் வீட்டுக்கு முன்னால் ஒரு கொட்டிலில் சைக்கிள்களுக்குப் பெயின்ற் அடித்தார். நாங்கள் விரும்பிக் கட்டியவர்கள். என் அப்பா அம்மா மலையகத் தோட்டத்திலிருந்து வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். என் கணவரின் ஆட்களுக்கு அது பொறுக்கவில்லை. மற்றவர்களை விடுங்கள், அவருடைய அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். பிறகு கலியாணம் கட்டி சுவிசுக்குப் போனார். அங்கிருந்து கடிதம் வரும், எல்லாம் தம்பிக்குத்தான். கடைசி வரியில் மட்டும், "அந்தப் பிள்ளையும் சுகமாய் இருக்கும் எண்டு நினைக்கிறன்" என்று இருக்கும். அந்தப் பிள்ளை நான்.

எங்கள் பக்கத்தில் கணவனின் அக்கா எனக்கு மச்சாள். அவருக்கும் நான் மச்சாள். இரண்டு பக்கமும் ஒரே முறை, ஒரே சொல். நான் ஒவ்வொரு கடிதத்திலும் "அன்புள்ள மச்சாளுக்கு" என்றுதான் தொடங்குவேன். பத்து வருடம் தொடங்கினேன். அங்கிருந்து அந்தச் சொல் ஒருதரமும் திரும்பி வரவில்லை. இடமும் வலமும் சரி பார்த்தே சாப்பிடுகிறவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பாதை திறந்த அடுத்த வருடம் மச்சாள் வந்தார். வாசலில் இறங்கித் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு, தேத்தண்ணியோடு முன்னால் நின்ற என்னைத் தாண்டிக் குசினிப் பக்கம் பார்த்து, "அந்தப் பிள்ளை எங்கை?" என்று கேட்டார். படத்தில் பார்த்த முகம் மறந்துபோயிருக்கலாம் என்று இவர், என் கணவர், பிறகு சமாதானம் சொன்னார். நான் நம்பவில்லை.

பின்னேரம் பெட்டிகள் திறபட்டன. சொக்கிலேற், சம்பூ, ஒருதரம் உடுத்த உடுப்புகள். எல்லாவற்றுக்கும் அடியில் மூலை நசிந்த ஒரு அட்டைப் பெட்டி. மேலே ஒரு படம்: கறுத்த வானம், சாம்பல் நிறத் தரை, அதில் சிலந்தி மாதிரி நாலு காலில் நிற்கிற ஒரு கலம். சந்திரனில் மனிசரை இறக்கிய கலம் அது என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

"உதைப் பக்கத்து வீட்டுச் சின்னனுகளுக்குக் குடு, விளையாடட்டும்" என்றார் மச்சாள்.

நான் திறந்து பார்த்தேன். விளையாட்டுச் சாமானாம்! சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சட்டங்கள் மூன்று. கொடியில் பிஞ்சு தொங்குவது போல ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நம்பர். அரிசி அளவில் ஒரு கைபிடி, ஈர்க்குத் தடிப்பில் ஒரு ஏணி, அந்த ஏணிக்குப் படிகூட இருந்தது. சுவரில் ஆணி வரிசை தெரிகிற அளவுக்கு நுணுக்கம். யாரோ ஒரு மனிசன் எங்கோ இருந்துகொண்டு இதற்கு அச்சு வெட்டியிருக்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

"உதை ஏன் கிளறுறாய்? என்ர மகனே கட்டி முடிக்கேல்லை. அவன் அங்கை படிச்ச பிள்ளை. நீ தாள் ஒட்டுறனி, உனக்கு உது சரிவராது."

தாள் ஒட்டுகிறவள்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. "நீங்கள் திரும்பிப் போக முன்னம் முடிச்சுக் காட்டுறன் மச்சாள்" என்றேன்.

"எனக்கு அஞ்சு கிழமைதான் இருக்கு."

"காணும், அது போதும்."

இவர் சொக்கிலேற்றை வாயில் போட்டபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கலத்தைக் கட்டி நிமிர்த்தினால் அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கிவிடலாம் என்று என் மனம் எப்படியோ முடிவு கட்டிவிட்டது.

முதல் இடைஞ்சல் பசை. பெட்டிக்குள் இருந்த குழாய் கல்லாகக் காய்ந்திருந்தது. கடையில் வாங்கிய பசைகள் எல்லாம் இந்தப் பிளாஸ்ரிக்கில் பிடிக்காமல் தோல் மாதிரி உரிந்து வந்தன. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எனக்கு மயில் நினைவு வந்தது.

அது முந்தின வருடத்துக் கதை. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, இவர் சைக்கிள் பெயின்ற்றுக்குக் கலக்கிற தின்னர் போத்தலைத் தட்டி ஊற்றிவிட்டார். அது என் மயிலின் கழுத்தில் பட்டது. கற்பூரம் கரைவது மாதிரிக் கண் முன்னாலேயே கழுத்துக் கரைந்து, தலை தனியாக விழுந்தது. நான் மூன்று நாள் இவரோடு கதைக்கவில்லை. இப்போது அந்தத் தின்னரைக் கொஞ்சம் எடுத்து, துண்டுகள் வெட்டின பிறகு மிஞ்சிய வெறும் சட்டத்தில் ஒரு துளி விட்டேன். மேல்தோல் இளகியது. இரண்டு துண்டை இளக்கி அழுத்தினேன். காய்ந்ததும் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ரெஜிபோமும் இதுவும் ஒரே சாதி! கரைக்கத் தெரிந்தது ஒட்டவும் செய்யும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. சட்டத்தையே பொடியாக நறுக்கித் தின்னரில் ஊறப்போட்டேன், தேன் பதத்தில் நல்ல பசை வந்தது. கலியாணப் பொம்பிளைகளுக்கு நகப்பூச்சுப் பூசி முடிந்த ஒரு போத்தலைக் கழுவி அதற்குள் ஊற்றினேன். மூடியிலேயே தூரிகை இருக்கிறதே, இதைவிட வசதி வேறென்ன வேண்டும். இவருக்கு மயில் பாவத்தை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

ஊரில் மின்சாரம் இல்லை. காலையில் சமையலை முடித்துவிட்டு, வெயில் யன்னலால் நேரே விழுகிற நேரத்தில் மேசையில் இருப்பேன். வெட்ட நகவெட்டி. துண்டுகள் உருண்டு போகாமல் இருக்க வெற்றிலைத் தட்டு. வெட்டிய இடத்தில் முள்ளு மாதிரி நிற்பதை இவருடைய தேய்க்கும் தாளில் ஒரு விரல் அகலம் கிழித்து, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பேன். விரலால் தடவினால் வெட்டின இடம் தெரியக்கூடாது. கால் நாலும் ஒரே நாளில் எழும்பின. மேசையில் நிறுத்தினேன். ஒரு காலும் ஆடவில்லை. அடுப்படியிலிருந்து வந்த மச்சாள் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "கால் எண்டா ஆரும் ஒட்டுவினம்" என்றார்.

ஒரு வட்டக் கிண்ணம் குறைந்தது. பேச்சை வாங்கி அனுப்புகிற வட்டத் தட்டாம், அதைக் காணவில்லை. என் சட்டையிலிருந்து அமத்துப் பொத்தானில் ஒரு பாதியைப் பிடுங்கி வைத்தேன். நடுவில் குமிழ்கூடச் சரியாக இருந்தது. கலத்தின் கீழ்ப்பாதிக்குத் தங்கநிற உறை வேண்டும். என் தங்கத்தாள் தடிப்பு, ஒட்டினால் பண்டாரம் போர்த்தது மாதிரி இருக்கும். அதனால் மச்சாள் கொண்டுவந்த சொக்கிலேற்றின் வெள்ளித்தாளை எடுத்தேன். பக்கத்து வீடுகளுக்குப் போன சொக்கிலேற்றின் தாள்களையும் கேட்டு வாங்கினேன். கசக்கி, திரும்ப நீவி, கோயில் வாகனத்துக்குச் செய்வது போல அதன் மேல் மெல்லிசாக வானிஸ் பூசினேன். வெள்ளி பழுத்துப் பொன் நிறமானது. பெட்டிப் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. இதை நான் அடக்கமாகச் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சர் வந்தார். விஞ்ஞானக் கண்காட்சிக்கு வாசல் வளைவும் எழுத்தும் வெட்டச் சொல்ல வந்தவர். மேசையில் இருந்ததைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவில்லை.

"இதை ஆர் செய்யினம்?"

"நான்தான் ரீச்சர்."

"அப்ப இது கண்காட்சிக்கு வரோணும். நடுமேசை உங்களுக்குத்தான்" என்றார். கறுப்பு நிறம் மினுங்கக்கூடாது என்று நான் சொன்னதும், பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பூசுகிற மை மிஞ்சியிருக்கிறது என்று சொல்லி, அடுத்த நாளே ஒரு சின்னப் பேணியில் அனுப்பியும் விட்டார். கண்காட்சி நாள், மச்சாள் சுவிசுக்கு வெளிக்கிடுவதற்கு இரண்டு நாள் முந்தி. எனக்கு ஊர் முழுக்க நடுமேசையைப் பார்ப்பது பெரிதாகத் தெரியவில்லை. மச்சாள் பார்ப்பார் என்பதுதான் தெரிந்தது.

பிறகுதான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன்.

கலத்தின் மேல்பாதி ஒரு முகம் மாதிரி. இரண்டு முக்கோண யன்னல் கண், நடுவில் வாசல் வாய். அந்த முகத்துக்கு இரண்டு கன்னம். ஒரு கன்னம் மட்டாக இருந்தது. மற்றக் கன்னம் பல்லுக்கொதி வந்தவனுடையது போல வீங்கி இருந்தது. மச்சாளின் மகன் அந்தக் காலத்தில் கை வைத்தது அந்த ஒரு இடத்தில்தான். வீங்கிய கன்னத்தை அவன் ஒட்டி வைத்திருந்தான், பசை வழிந்த இடத்தில் அவனுடைய பெருவிரல் ரேகை பதிந்து இறுகியிருந்தது. மேல்பாதியை எப்படிக் கட்டுவது என்று காட்டுகிற விளக்கத்தாள் பெட்டியில் இல்லை. மேலட்டைப் படமோ பக்கத்திலிருந்து எடுத்தது, கன்னத்தின் கதை அதில் தெரியாது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பொடியன் பிழையாக ஒட்டிவிட்டான், அதுதான் இது கோணல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரும்பு அறுக்கிற வாள் அலகை எடுத்து வீங்கிய கன்னத்தை நடுவால் அறுத்தேன். தேய்த்தேன். மற்றக் கன்னத்தோடு அளந்து பார்த்து, இரண்டும் ஒரு நூல் வித்தியாசம் இல்லாமல் வந்ததும் கையைத் தட்டிச் சிரித்தேன்.

மச்சாள் கதவடியில் நின்றிருந்தார். மேசையில் கிடந்த அறுத்த துண்டைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. நல்ல சூடைமீன் குழம்பு, அவர் வந்த நாளிலிருந்து ஆசையாய்ச் சாப்பிட்டது. "வயிறு சரியில்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. இவரைக் கொட்டிலில் போய்க் கேட்டேன். இவர் கையில் இருந்த சைக்கிள் மக்காட்டைக் கீழே வைத்தார்.

"இஞ்சேர், உந்தப் பெட்டியிலை மருமகன் செய்தது அந்த ஒரு துண்டுதான். அவன் இப்ப வீட்டைவிட்டுத் தனிய இருக்கிறான். அக்காவோடை அவ்வளவு கதை இல்லை. அதுதான் உதை எறியவும் மனமில்லாமல் இஞ்சை கொண்டு வந்தவா."

"இதை ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்லை?"

"நீர் வாளோடை நிண்டா ஆர் கிட்ட வாறது?"

மேசைக்குத் திரும்பி வந்து அறுத்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், "நான் அறுத்தது சரிதானே, அது கோணல்தானே" என்று ஒரு குரல் முனகிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்கும் அடுத்த நாள் ரீச்சர் பாடம் எடுத்தார். வளைவுக்கான எழுத்தைப் பார்க்க வந்தவரிடம், வீங்கிய கன்னத்தைத் திருத்திவிட்டேன் என்று பெருமையாய்க் காட்டினேன். ரீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அது கோணல் இல்லை. அது அப்பிடித்தான் இருக்கோணும்."

பிறகு விளங்கப்படுத்தினார். இரண்டு கன்னத்துக்குள்ளும் எரிபொருள் தாங்கிகள். ஒன்றுக்குள் இருப்பது பாரம் கூடிய திரவம், மற்றதற்குள் இருப்பது பாரம் குறைந்தது. இரண்டையும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால் கலம் ஒரு பக்கம் சரியும். அதனால் பாரமானதைக் கிட்ட வைத்தார்கள், பாரமில்லாததைத் தூரத் தள்ளி வைத்தார்கள். "தோளிலை தடி வைச்சு, ஒரு பக்கம் நிறைகுடம், மற்றப் பக்கம் அரைக்குடம் காவுறதெண்டா, தோளை எங்கை குடுப்பியள்? நிறைகுடத்துக்குக் கிட்டத்தானே?"

ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். எத்தனை பேருக்கு நான் இந்தப் பழமொழியைச் சொல்லியிருப்பேன். பார்த்து அழகாக இருப்பது வேறு, விழாமல் நிற்பது வேறு என்பது இத்தனை மணவறை போட்ட எனக்குத் தெரியவில்லை. மணவறை பறப்பதில்லையே.

மன்னிப்புக் கேட்பது எனக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. ஆனாலும் போனேன். மச்சாள் குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் நிலத்தில் இருந்தேன்.

"மச்சாள், பிழை என்னிலைதான். மருமகன் சரியாத்தான் ஒட்டியிருக்கிறார். ஒரு பக்கம் வீங்கித்தான் இருக்கோணுமாம். ரீச்சர் சொன்னவா. நான்தான் விசர் வேலை பாத்திட்டன்."

திருவல் நின்றது.

"அவன் சரியாச் செய்தவனே?"

"ஓம் மச்சாள். ஒரு மயிர் பிசகேல்லை."

"சரியாத்தான் செய்தவனே?" இரண்டாந்தரமும் கேட்டார். நான் ரீச்சர் சொன்ன குடக் கதையை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தேங்காய்ப்பூப் படிந்த கையால் கண்ணைத் துடைத்தார்.

அவர் அன்றைக்குச் சொன்னதை முன்பு தம்பிக்கும் சொன்னதில்லையாம். ஒரு ஹோட்டலில் அறை துடைக்கிற வேலைக்குப் போன புதிது. மகன் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கேட்டானென்று இதை வாங்கிக் கொடுத்தார். ஒரு துண்டு ஒட்டிவிட்டு, "அம்மா, பக்கத்திலை வந்து இரு, சேந்து ஒட்டுவம்" என்று கூப்பிட்டானாம். மச்சாளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வந்து இருக்கிறேன் என்று சொல்லிப் போனவர், அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். பெட்டி கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

"நான் அவன் ஏலாமல் விட்டவன் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார்.

எனக்கு அவர் மேல் இருந்த பத்து வருடக் கோபம் முழுக்க அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பாதி போனது. மிச்சப் பாதியையும் வைத்துக்கொண்டு, "வாங்கோ, வந்து பக்கத்திலை இருங்கோ, ரெண்டு பேரும் ஒட்டுவம்" என்று கூப்பிட்டேன்.

நான் அறுத்துத் தேய்த்ததில் கன்னத்தின் நடுத்துண்டு தூளாய்ப் போயிருந்தது. நல்லகாலம், ரேகை பதிந்த மேல்மூடி மேசையில் முழுதாய்க் கிடந்தது. சட்டத் துண்டுகளை அளந்து வெட்டி, உள்ளே சாரம் கட்டுவது போல ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கன்னத்தைத் திரும்ப வெளியே தள்ளினேன். மச்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துண்டைப் பிடித்தார், நான் நகப்பூச்சுத் தூரிகையால் பசை தொட்டேன். இடைவெளியைப் பசையாலேயே நிரப்பி, நாலு நாள் காய விட்டு, தேய்த்தேன். அறுத்த கோடு எங்கே என்று எனக்கே தெரியாமல் போனது. என் வாழ்நாளில் நான் செய்த ஆகத் திறமான வேலை அதுதான், ஒருவரும் பார்க்கவே முடியாத வேலை. மேல்மூடியைத் தேய்க்கப் போனபோது மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உதை மட்டும் விடு."

ரேகையை விட்டேன். அதன் மேல் கறுப்பு மையை மெல்லிசாய்த்தான் பூசினேன், வெயிலில் பிடித்தால் கோடு தெரிகிற மாதிரி.

கலத்தில் நாட்டுக்கொடியும் எழுத்தும் ஒட்டுகிற பொறுப்பு இவருக்கு. சைக்கிள் சட்டத்தில் ஒட்டுவது போலவே தண்ணீரில் ஊறவிட்டு வழுக்கி ஒட்டுகிற படம்தான், கைவந்த வேலை. தரை வேலை எனக்கு. ஒரு ரெஜிபோம் பலகையை எடுத்து, தின்னரைத் துளித்துளியாய் விட்டேன். பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, விளிம்பு சுருண்டு, சந்திரன் அப்படியே மேசைக்கு வந்தது. மேலே பசை பூசி அடுப்புச் சாம்பலை அரிதட்டால் தூவினேன். என் மயிலைக் கொன்ற அதே தின்னர். ரீச்சர் சொன்ன கணக்கு மச்சாளின் மனதில் கிடந்து உருண்டிருக்க வேண்டும், சாம்பல் தூவும்போது திடீரென்று சொன்னார்: "தூரத்திலை இருக்கிறது பாரமில்லாததாம். ரீச்சர் என்னைத்தான் சொன்னவா போலை." நான் அரிதட்டை அவர் கையில் கொடுத்தேன். மிச்சத் தரைக்கு அவரே தூவினார்.

அந்தக் கலம் பிறகு பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில் இருந்தது, சண்டை திரும்ப வந்து நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு எழும்புகிற வரைக்கும். திரும்பி வந்தபோது அந்த அலுமாரியே இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அழுகிறதுக்கு வேறு நாள் இருக்கிறது, இது பீற்றுகிற கதை.

கண்காட்சியில் நடுமேசை எங்களுக்கு. சந்திரத் தரை, நாலு கால், பழுத்த பொன் உடுப்பு, கறுத்த முகம், என் சட்டைப் பொத்தான். சனம் வரிசையில் வந்து பார்த்தது. நான் மணவறைக்குப் பக்கத்தில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மச்சாள் நல்ல சேலை உடுத்து, இவரோடு கொஞ்சம் தள்ளி நின்றார். ஐந்து கிழமை முடிகிறது, கலமும் முடிந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த சொல் மட்டும் வரவில்லை. காலையில் வெளிக்கிடும்போதுகூட, "அந்தப் பிள்ளையை வரச் சொல்லு, நேரம் போகுது" என்றுதான் தம்பியிடம் சொன்னார்.

வந்தவர்களில் கல்வி அதிகாரி ஒருவர் இருந்தார், கண்ணாடி போட்ட ஐயா. கலத்தைச் சுற்றி வந்து, முகத்துக்கு நேரே நின்று, தலையைச் சாய்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக்கம் கோணிப்போச்சு. ஒட்டினவைக்கு அளவு பிடிபடேல்லைப் போலை."

எனக்குக் கொதித்தது. நான் வாயைத் திறக்க முன்னம் மச்சாள் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"அது கோணல் இல்லை ஐயா! அது அப்பிடித்தான் இருக்கோணும். உள்ளுக்கை ரெண்டு தாங்கி இருக்கு. பாரமான தாங்கியைத் தூர வைச்சு, பாரமில்லாததை—"

"இல்லை மச்சாள்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, கோபத்தில் அவருக்குக் கணக்கு தலைகீழாய் வந்துவிட்டது, பிழையான அளவைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடிவதில்லை. "பாரமானதுதான் கிட்ட."

சனம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சுவிசிலிருந்து வந்த மூத்த அக்காவை, அத்தனை பேருக்கு முன்னால், நான் திருத்தியிருக்கிறேன். இவர் நிலத்தைப் பார்த்தார். கெட்டது குடி என்று நினைத்தேன்.

மச்சாள் என் பக்கம் திரும்பினார். ஒரு அடி பின்னால் வைத்து மேசைக்கு முன்னால் இடம் விட்டார்.

"ஓம் மச்சாள், நீர் சொல்லும். நீர்தானே கட்டினது."

ஐயாவுக்கு நான் எந்தப் பக்கத்தை முதலில் காட்டினேன் என்று நினைவில்லை. மச்சாள் பக்கத்தில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. குடத்தையும் தடியையும் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னேன். மத்தியானம் ஆகும்போது தொண்டை கட்டிவிட்டது. மச்சாள் யாரிடமோ கேட்டு இரண்டு கதிரை கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டார். ஒன்றில் நான், ஒன்றில் அவர். ஒரு தாயும் மகளும் வந்து குனிந்தபோது, நான் வழக்கம்போலக் கால்களில் இருந்து தொடங்கினேன்.

என் முழங்கையில் மெல்லத் தட்டினார்.

"மச்சாள், முதல்ல அந்தக் கைரேகையைக் காட்டும்."

காட்டினேன்.